லெனார்டு செஷயர்

இங்கிலாந்து நாட்டின் வடமேற்கில் செஸ்டர் என்னும் பழம்பெரு நகரம் ஒன்று உள்ளது. உரோமர் காலத்தில் முதன்முதல் எழுந்து, பின்வந்தோரால் வலுப்படுத்தப்பெற்ற மதில் அதனைச் சூழ்ந்து நிற்கின்றது. அந்நகரில் 1917ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் லெனார்டு செஷயர் பிறந்தார். அந்நகரம் அமைந்துள்ள மாவட்டத்தின் பெயரும் செஷயர் என்பதே. குடிப்பெயரும் பிறந்த மாவட்டத்தின் பெயரும் இவ்வாறு ஒத்து அமைந்தது தற்செயலே ஆகும். அவர் பிறந்தபொழுது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர் வளர்ந்து ஆளானபொழுது இரண்டாம் உலகப் போர் அவரை எதிர்நோக்கியிருந்தது.

தந்தையார் ஜெஃப்ரி செஷயர் சட்டக் கலையில் துறைபோகியவர். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக வீற்றிருந்து, சட்ட நூல்கள் பல யாத்தவர். மகனும் தம் வழியில் வழக்கறிஞராதல் வேண்டும் என்பது அவர் எண்ணம். மகனோ, ஸ்டோ என்னும் பள்ளியில் பயின்றபின் ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியில் சேர்ந்து சட்டம் பயின்றாரேனும், அதில் பேரார்வம் காட்டினார் என்று சொல்வதற்கில்லை. விரைந்தோடும் மோட்டார் வண்டிகளிலும் நண்பர்களோடு களித்திருப்பதிலுமே அவர் உள்ளம் சென்றது. 1939இல் இரண்டாம் வகுப்பில் தேறினார்.

அவருடைய கல்லூரி நாட்களில் நிகழ்ந்த செயல் ஒன்று சுவையானது. கையில் சில செப்புக் காசுகளுக்கு மேல் இல்லாமல் பாரிஸ் நகரம்வரை நடந்து செல்ல அவரால் முடியாது என்று தோழர் ஒருவர் பந்தயம் கட்டினார். பந்தயப் பொருளோ அரைக் குவளை மதுவேயாகும்! செஷயர் புறப்பட்டார், கடல் கடந்தார், பாரிஸை அடைந்தார், பந்தயத்தில் வென்றார். பந்தயம் கட்டும் பழக்கத்தைப் போற்றுதற்கில்லை. ஆயினும், முடியாது என்று பிறர் சொன்னதை முடித்துக் காட்டும் இயல்பு அவரிடம் இளமையிலேயே வேரூன்றியிருந்தது என்பதை இதனால் அறியலாம். ஆக்ஸ்போர்டில் அவருக்கு நெருங்கிய நண்பராக விளங்கியவர் ஜான் ராண்டில் என்பவர். அந்நண்பர் பின்னாளில் தரைப்படையில் சேர்ந்து, 1944ஆம் ஆண்டு மே மாதத்தில், நம் நாட்டின் வடகிழக்கு எல்லையிலுள்ள கோகிமாவில் சப்பானியரோடு பொருது வீழ்ந்தார். பிரிட்டிஷ் நாட்டின் தலையாய வீர விருதாகிய விக்டோரியா கிராஸ், இறந்தபின் அவருக்கு வழங்கப்பெற்றது. அதே விருது அதே ஆண்டில் செஷயருக்கும் கிடைத்தது.

1936இல் செஷயர் செருமனி நாட்டிற்குச் சென்று, பாட்ஸ்டாம் நகரில் முன்னாள் கடற்படைத் தலைவர் ஒருவரின் இல்லத்தில் சிறிது காலம் தங்கியிருந்தார். அங்கே இட்லர் கலந்துகொண்ட பெருங்கூட்டம் ஒன்றைக் காண நேர்ந்தது. சூழ இருந்தோர் எல்லாரும் கையுயர்த்தி வணக்கம் செலுத்தினர். அந்த இளைஞர் மட்டும் கையை உயர்த்தாமல் நின்றார். அருகிலிருந்தோர் கடுஞ்சினம் கொண்டனர். ஆயினும் அவர் மனம் மாறவில்லை. ஆக்ஸ்போர்டு திரும்பிய பின்னர்ப் பல்கலைக்கழக விமானப் பயிற்சி அணியில் பறக்கக் கற்றார். 1939 அக்டோபரில், போர் மூண்ட சில வாரங்களில், விமானப்படையில் நிலையான பதவி பெற்றார்.

1940 சூன் மாதத்தில், யார்க்ஷயர்ப் பகுதியிலிருந்த 102ஆம் படைப்பிரிவில் அவர் சேர்ந்தார். விட்லி என்னும் பெயருடைய குண்டுவீச்சு விமானங்கள் அப்படைப்பிரிவில் இருந்தன. அவை மெல்லச் செல்வன, குளிர் நிறைந்தன. முதலில் துணை விமானியாகப் பறந்தபொழுது, நியூசிலாந்து நாட்டு விமானி ஒருவர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். விமானத்தின் ஒவ்வொரு விசையையும் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவியே அறிதல் வேண்டும் என்பதும், உடன் பறப்போர் ஒவ்வொருவரின் தொழிலையும் தலைவன் உணர்ந்திருத்தல் வேண்டும் என்பதும் அவ்வாசான் புகட்டிய பாடங்கள். சட்டக் கல்லூரியில் காட்டாத உழைப்பை மாணவர் இங்கே காட்டினார்.

அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவு அவருடைய விமானம் செருமனியின் கொலோன் நகர்ப்பகுதிக்கு மேல் பறந்தபோது, கீழிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டு அதனைத் தாக்கிற்று. உள்ளே இருந்த ஒளிக்குண்டு ஒன்று வெடித்தது. விமானத்தின் பக்கவாட்டில் பெரும்பகுதி பிய்ந்து போயிற்று. உள்ளெங்கும் தீயும் புகையும் சூழ்ந்தன. பல நூறு அடி கீழ்நோக்கி வீழ்ந்த விமானத்தைச் செஷயர் அரும்பாடுபட்டு நிமிர்த்தினார். தோழர்கள் தீயை அவித்தனர். கம்பியில்லாத் தந்தியை இயக்குபவராக முதன்முறை பறக்க வந்திருந்த இளைஞர் முகமும் கைகளும் வெந்து, பார்வையும் மறைந்த நிலையில், தம் கருவியைத் தேடிச் சென்று செய்தி அனுப்ப முயன்றார். பக்கத்தில் வாய் பிளந்த அவ்விமானத்தைப் பனிக்காற்றினூடே பல மணி நேரம் செலுத்தித் தாய்நாட்டில் கொண்டுவந்து இறக்கினார் செஷயர். இச்செயலுக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. என்னும் உயர்ந்த விருது வழங்கப்பெற்றது. அத்துணை இளநிலையில் இருப்போர் அவ்விருதைப் பெறுதல் அரிது.

விமானப்படையின் விதிப்படி, முப்பது முறை பகைநாட்டின்மேல் பறந்தவர் ஓய்வு கொள்ளலாம். முப்பதை எட்டுவோர் சிலரே. குண்டுவீச்சுப் படையில் பணிபுரிந்த விமானவீரர் ஏறத்தாழ 1,25,000 பேருள் 55,573 பேர் போரில் மாண்டனர் என்னும் கணக்கு ஒன்றே அப்பணியின் கொடுமையை விளக்கப் போதுமானது. செஷயர் ஒரு சுற்று முடிந்ததும் ஓய்வை வேண்டாமல் மறு சுற்றுக்குத் தாமே முன்வந்தார். இரண்டாம் சுற்றுக்குப் பின் மூன்றாம் சுற்று. மூன்றாவதன் பின் நான்காவது. அவருடைய தம்பியும் விமானியே. அவர் பறந்த விமானம் 1941இல் செருமானியரால் வீழ்த்தப்பட்டு, அவர் சிறைப்பட்டார். அச்செய்தி வந்த பின்னரும் அண்ணன் பறப்பதை நிறுத்தவில்லை.

1942 ஆகஸ்டில் 76ஆம் படைப்பிரிவின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்படைப்பிரிவின் ஹாலிபாக்ஸ் விமானங்கள் மிகுதியாக வீழ்ந்துகொண்டிருந்தன; வீரர்கள் ஊக்கம் இழந்திருந்தனர். புதிய தலைவர் முதலில் செய்தது யாது? விமானங்கள் ஏன் வீழ்கின்றன என்று ஆராய்ந்தார். வேண்டாத சுமை அவற்றின் வேகத்தைக் குறைக்கின்றது எனக் கண்டு, முன்புறத் துப்பாக்கி மேடை முதலியவற்றைக் களையச் செய்தார். புதிதாக வந்த வீரர் குழுவினர் அச்சமுற்றிருந்தால், தாமே அவர்களோடு உடன் சென்றார். விமானங்களைப் பழுது பார்க்கும் தொழிலாளர்வரை அனைவர் பெயரையும் நெஞ்சில் நிறுத்தி, காணும்பொழுதெல்லாம் பெயர் சொல்லி அழைத்தார். தலைமை தாங்குவோர் பலர் ஆணையிட அறிவர். பெயர் அறிவோர் அரியர். இக்குணம் ஒன்றை மாணவர்கள் மனத்திற் கொள்க. பிற்காலத்து அவர் வாழ்வைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

1943இல் இருபத்தைந்து வயதிலேயே குரூப் கேப்டன் என்னும் உயர்பதவி அவருக்கு வந்தது. அப்பதவியை அத்துணை இளம் வயதில் அடைந்தவர் அக்காலத்தில் வேறு எவரும் இலர். பயிற்சி நிலையம் ஒன்றின் தலைமை, அச்சமற்ற வாழ்வு, நல்லூதியம். அவற்றில் அவர் உள்ளம் நிலைகொள்ளவில்லை. தம் பதவியில் ஒரு படி இறக்கிக்கொள்ளுமாறு தாமே வேண்டி, அவ்வாண்டு இறுதியில் 617ஆம் படைப்பிரிவின் தலைவரானார். செருமனியின் பெரிய அணைகளை உடைத்துப் புகழ் பெற்றது அப்படைப்பிரிவு. உயர்வை நாடித் தாழ்வோரை உலகம் கண்டதுண்டு. போர்க்களத்தை நாடித் தாழ்ந்தவர் இவர்.

இனி, குண்டுவீச்சு விமானியின் வாழ்வை எழுதுவோர் ஒன்றை மறைத்தல் கூடாது. இரவில், பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து வீசப்படும் குண்டு, படைக்கலத் தொழிற்சாலை எது, பாலகன் உறங்கும் வீடு எது என்று அறியாது. போர் முடிவதற்குள் வான்வழிக் குண்டுவீச்சினால் செருமனியில் மாண்ட பொதுமக்கள் பல இலட்சவர். செஷயரும் அப்படையில் ஒருவரே. இட்லரின் கொடுங்கோலை வேறு வழியால் வீழ்த்த இயலாது என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கையைக் கடைசிவரை கைவிடவுமில்லை. எனினும், குறி தவறாமல் வீசும் வழி உண்டா என்னும் வினா அவர் உள்ளத்தை விடாது பற்றிக்கொண்டது.

அவர் கண்ட வழி எளியது. ஆனால் உயிருக்கு உலை வைப்பது. தலைவன் ஒருவன் மிகத் தாழ்ந்து பறந்து, இலக்கின்மேல் ஒளிக்குண்டை இட்டு அடையாளம் செய்தல் வேண்டும். மேலே காத்திருக்கும் விமானங்கள் அவ்வொளியை மட்டுமே குறியாகக் கொண்டு வீசுதல் வேண்டும். தாழ்ந்து பறப்பவன் பீரங்கிகளின் வாயருகே செல்கின்றான் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மேலதிகாரிகள் முதலில் தயங்கினர். பிரான்சு நாட்டின் லிமோஜ் நகரில் இம்முறையைச் செய்து காட்டும் வாய்ப்பு வந்தது.

லிமோஜ் நகரில் விமானப் பொறிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. செருமானியர் அதனைக் கைப்பற்றித் தமக்கென நடத்தி வந்தனர். இரவு வேலையில் இருந்தவர்களோ பிரெஞ்சு நாட்டுப் பெண்கள், ஏறத்தாழ முந்நூற்றுவர். சுற்றிலும் மக்கள் குடியிருப்பு. 1944 பிப்ரவரி 8ஆம் நாள் இரவு, நிலவொளியில், பன்னிரண்டு லங்காஸ்டர் விமானங்கள் அவ்விடத்தை அடைந்தன. செஷயர் தம் விமானத்தைத் தொழிற்சாலைக் கூரையை உரசுவதுபோல் தாழ்த்தி ஒருமுறை பறந்தார், குண்டு வீசவில்லை. சுற்றி வந்து இரண்டாம் முறை பறந்தார், வீசவில்லை. மூன்றாம் முறையும் அவ்வாறே. அவர் செய்த குறிப்பை உள்ளே இருந்தோர் உணர்ந்தனர். பெண்கள் வெளியே ஓடிப் பாதுகாப்பான இடங்களை அடைந்தனர். நான்காம் முறை தாழ்ந்து வந்தபோதுதான் ஒளியும் தீயும் உமிழும் குண்டுகளைத் தொழிற்சாலையின் நடுவே இட்டார். பின்வந்த பதினொரு விமானங்களும் ஆளுக்கு ஒன்றாக 12,000 பவுண்டு எடையுள்ள குண்டுகளை வீசின. பத்துக் குண்டுகள் தொழிற்சாலையின்மேல் வீழ்ந்தன. ஒன்று அருகே ஓடிய ஆற்றில் வீழ்ந்தது. தொழிற்சாலை அழிந்தது; அதனைச் சூழ்ந்த குடியிருப்பு பிழைத்தது.

போர் தொடுக்குமுன், ஆனிரையும் பெண்டிரும் பிணியுடையோரும் காவலான இடத்தை நாடிச் செல்லுமாறு அறிவித்த பின்னரே அம்பு எய்தல் பண்டைத் தமிழ் வேந்தரின் போரறம் எனப் புறநானூற்றால் அறிகின்றோம். அந்நூலைச் செஷயர் கண்டிரார். மும்முறை வட்டமிட்ட ஒவ்வொரு முறையும் பகைவரின் பீரங்கிகளைத் தட்டி எழுப்பும் செயல் என்பதை அவர் நன்கு அறிவார், அறிந்தே வட்டமிட்டார்.

இதன்பின் அவர் மஸ்கீட்டோ என்னும் சிறிய, விரைவு மிக்க விமானத்தை மேற்கொண்டார். ஏப்பிரல் 24ஆம் நாள் இரவு மியூனிக் நகரத்தின்மேல், சுழல் விளக்குகளும் பீரங்கிகளும் வானத்தைத் துளைக்க, 700 அடிவரை பாய்ந்து இறங்கி அடையாளம் இட்டார். இட்டபின் அகலாமல், 1,000 அடி உயரத்திலேயே நகரைச் சுற்றிப் பறந்து, குண்டுகள் உரிய இடத்தில் வீழ்கின்றனவா என்று நோக்கினார். குண்டுச் சில்லுகள் விமானத்தைத் தைத்தன. அங்கிருந்து மீண்டபோது பன்னிரண்டு நிமிடம் இடைவிடாத தாக்குதலுக்கு ஆளாகியும் உயிர் பிழைத்தார்.

ஒரு குண்டும் வீசாமல் அவர் படைப்பிரிவு ஆற்றிய அருஞ்செயலும் ஒன்று உண்டு. 1944 சூன் 5ஆம் நாள் இரவு. மறுநாள் விடியலில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்க வேண்டும். பகைவரின் கவனத்தை வேறிடத்திற்குத் திருப்புதல் இன்றியமையாதது. செஷயரின் விமானங்கள் ஆங்கிலக் கால்வாயின்மேல் நீள்வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பறந்து, மெல்லிய உலோகத் தகட்டுத் துண்டுகளைக் கணக்குத் தவறாமல் தூவிக்கொண்டே சென்றன. ஒவ்வொரு வட்டமும் சிறிது சிறிதாகக் கரையை நோக்கி நகர்ந்தது. செருமானியரின் ராடார்க் கருவியில், பெருங்கப்பற்படை ஒன்று அமைதியாக வேறொரு கரையை நோக்கி வருவதுபோல் அது தோன்றிற்று. நொடி தவறினும் பொய் வெளிப்பட்டுவிடும். பல மணி நேரம் ஒருவர்க்கொருவர் பிழையாமல் பறந்தனர். தம் வாழ்வில் குண்டுகளைக் காட்டிலும் கணக்கையே பெரிதும் நம்பிய இரவு அது.

சூன் 25ஆம் நாள் அமெரிக்க மஸ்டாங் விமானம் ஒன்றை அவர் முதன்முதலாக ஓட்டினார். அந்த முதல் ஓட்டமே போருக்குச் செல்லும் ஓட்டம்! சூலை 6ஆம் நாள் மிமோயெக் என்னுமிடத்தில், இலண்டனைத் தாக்குதற்கென நிலத்தடியில் அமைக்கப்பட்டிருந்த நெடும்பீரங்கிகளை அழிக்கச் சென்றுவந்தார். அது அவருடைய நூறாவது படையெடுப்பு என்பர். இனிப் பறத்தல் கூடாது என்று மேலதிகாரி தடுத்து நிறுத்தினார். செப்டம்பர் மாதத்தில் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. அவ்விருது பொதுவாக ஒரு களத்தில் காட்டிய ஒப்பற்ற வீரச் செயலுக்கு வழங்கப்படுவது. செஷயருக்கோ, நான்கு ஆண்டுகள் தளராது காட்டிய மன உறுதிக்காக வழங்கப்பட்டது. அரசரிடம் விருது பெறச் சென்ற நாளில், நார்மன் ஜாக்சன் என்னும் வீரரும் உடன் வந்திருந்தார். பறக்கும் விமானத்தின் இறக்கையில் பற்றிய தீயை அணைக்க வெளியே ஊர்ந்து சென்றவர் அவர். பதவியில் தாழ்ந்த அவருக்கே முதலில் விருது தருதல் வேண்டும் என்று செஷயர் அரசரை வேண்டிக்கொண்டார் என்று கூறுவர்.

1945 ஆகஸ்டு 9ஆம் நாள் நாகசாகி நகரத்தின்மேல் அணுகுண்டு வீசப்பட்டது. பிரிட்டிஷ் அரசின் சார்பில் அதனைக் காணச் சென்ற இருவருள் ஒருவர் செஷயர். மற்றவர் வில்லியம் பென்னி என்னும் அறிவியலறிஞர். அவர்கள் சென்ற அமெரிக்க விமானம் குறித்த இடத்தில் ஏனைய விமானங்களோடு சேரத் தவறியமையால், பல மைல் தொலைவிலிருந்தே அக்காட்சியைக் காண நேர்ந்தது. தீக்கோளம் ஒன்று புகைத்தூணாய் மாறி, வானளாவ எழுந்ததை அவர் கண்டார்.

அக்காட்சியைக் கண்டு மனம் நொந்து, குண்டு வீசிய பாவத்திற்குக் கழுவாயாகவே அவர் பின்னாளில் நோயாளர் தொண்டில் இறங்கினார் என்று எழுதுவோர் பலர். கேட்பதற்கு அக்கதை இனிதாக உள்ளது. அசோகமன்னன் வரலாற்றை நினைவூட்டுகின்றது. ஆனால் அது மெய்யன்று. அக்குண்டு போரை முடித்துப் பல உயிர்களைக் காத்தது என்பதே தம் கருத்து எனச் செஷயர் வாழ்நாள் முழுதும் கூறிவந்தார். கழுவாய்க் கதையைப் பலமுறை மறுத்தார். அவர் கருத்தை நாம் ஏற்கலாம், ஏலாதும் விடலாம். ஒருவர் சொல்லாததை அவர் நெஞ்சில் ஏற்றிச் சொல்லுதல் மட்டும் முறையாகாது. போர் முடிந்தது, இத்தனை உயிர்கள் எதற்காக மாண்டனவோ, அந்த அமைதியை என்ன செய்யப் போகின்றோம் என்னும் வினாவே அவரை வருத்திற்று.

1946இல் உடல்நலம் குன்றிப் படையிலிருந்து விலகினார். போரிலிருந்து மீண்டவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் கூடி உழைத்து, கூடி வாழும் குடியிருப்பு ஒன்றை நிறுவினார். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் லீ கோர்ட் என்னும் பெரிய மாளிகை அதற்கென வாங்கப்பட்டது. எண்ணம் நன்று, நடைமுறையோ தோல்வி. பணம் கரைந்தது, பூசல்கள் மிகுந்தன, கடன் மலைபோல் குவிந்தது. படைக்களத்தில் தோல்வியறியாத தலைவர், முப்பது வயதில், வெறுமையான மாளிகை ஒன்றில் கடனோடு தனித்து நின்றார்.

அந்நிலையில், 1948ஆம் ஆண்டின் வேனிற் பருவத்தில், மருத்துவமனை ஒன்றிலிருந்து அவருக்குச் செய்தி வந்தது. அக்குடியிருப்பில் முன்பு வாழ்ந்தவரும் விமானப்படையில் பணியாற்றியவருமான ஒருவர் அங்கே கிடந்தார். அவரைப் பற்றியிருந்தது தீராத புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. படுக்கையோ பிறருக்கு வேண்டும். அவரை ஏற்பார் எவருமிலர். தமக்கு வந்த நோய் இன்னதென்பதும் அவருக்குச் சொல்லப்படவில்லை. செஷயர் அருகில் அமர்ந்து உண்மையைச் சொன்னார். நோயாளர் நன்றி பாராட்டினார். தங்குவதற்கு வேறிடம் தேடி அலைந்தும் கிடைக்காமற் போகவே, அவரைத் தம் மாளிகைக்கே அழைத்துச் சென்றார்.

அம்மாளிகையில் பணியாளர் இல்லை. மருந்து வாங்கப் போதிய பணமில்லை. போர்க்களத்தில் நூறு முறை பறந்த கைகள், நோயாளரின் உடலைக் கழுவக் கற்றன. படுக்கை மாற்றக் கற்றன. கஞ்சி காய்ச்சவும், மலக்கலம் ஏந்தவும் கற்றன. இரவில் மணியொலி கேட்டால் எழுவதற்காக அறையின் வெளியே படுத்துறங்கினார். ஒரு நாள் இரவு விமானத்தை ஓட்டுதற்கு வேண்டும் துணிவு ஒன்று; ஒவ்வோர் இரவும் எவரும் காணாத அறையில் நாற்றமும் நோவும் பொறுத்திருக்க வேண்டும் துணிவு மற்றொன்று. இரண்டாவதற்குப் பதக்கம் இல்லை. ஆகஸ்டு மாதத்தில் நோயாளர் அமைதியாக உயிர் நீத்தார். அவர் கத்தோலிக்க சமயத்தவர். அவர் கொண்டிருந்த உறுதி செஷயரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அவ்வாண்டுக் கிறித்துமசுக்கு முந்திய நாள் செஷயரும் அச்சமயத்தைத் தழுவினார்.

அடுத்து வந்தவர் தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி. பிறகு காசநோயாளர் வந்தனர். வலிப்பு நோயினர் வந்தனர். கைகால் முடங்கிய இளைஞர் வந்தனர். இல்லை என்று எவரையும் திருப்பி அனுப்ப அவர் நா எழவில்லை. ஓராண்டிற்குள் இருபதுக்கு மேற்பட்டோர் அம்மாளிகையில் வாழ்ந்தனர். நடக்கக்கூடியவர் கிடப்பவர்க்கு உணவூட்டினர். சுற்றுப்புற ஊரார் காய்கறியும் விறகும் கொணர்ந்தனர். இது மருத்துவமனை அன்று, வாழும் இல்லம் என்பதை அவர் வற்புறுத்தினார். இல்லத்தில் இருப்போர் தங்கள் வாழ்வைத் தாங்களே நடத்துதல் வேண்டும். முடங்கியது கால், அறிவு அன்று என்பது அவர் கொள்கை. அங்கிருந்தோரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் படைத்தலைவராக இருந்தபோதே அவருக்குப் பழகியதன்றோ?

பொருள் ஈட்ட வேண்டி, அவர் பார்ன்ஸ் வாலிஸ் என்னும் புகழ் பெற்ற பொறியியலறிஞரிடம் பணியில் சேர்ந்தார். அணை உடைத்த குண்டை ஆக்கியவர் அவ்வறிஞரே. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், விமானத்தளம் ஒன்றின் அருகே பணி. போர்க்காலத்தில் கட்டப்பட்டுப் பாழ்பட்டுக் கிடந்த கட்டடம் ஒன்று அங்கே அவர் கண்ணிற் பட்டது. ஓய்வு நேரத்தில் அதனைத் தாமே செப்பனிட்டு இரண்டாம் இல்லமாக்கினார்.

1952இல் அவரையே காசநோய் பற்றியது. மிட்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார். அறுவை மருத்துவத்தில் நுரையீரலின் ஒரு பகுதியையும் விலா எலும்புகள் சிலவற்றையும் இழந்தார். பிறருடைய படுக்கையருகே நின்றவர், படுக்கையிலிருந்து உலகைக் காணக் கற்றார். கிடந்தபடியே கடிதங்கள் எழுதினார், திட்டங்கள் தீட்டினார். அவர் எழுந்து நடமாடுவதற்குள் புதிய இல்லங்களும் எழுந்தன. தலைவர் ஒருவரை மட்டுமே நம்பி நிற்கும் பணி நிலையாது என்பதை அந்நோய் அவருக்குக் கற்பித்தது. அந்தந்த ஊராரே குழு அமைத்து இல்லத்தை நடத்தும் முறை அதனால் உருப்பெற்றது.

உடல் தேறியதும் அவர் நாடிய அயல்நாடு இந்தியாவே. 1956இல் பம்பாய் நகரத்தை அடுத்த அந்தேரியில் நம் நாட்டின் முதற் செஷயர் இல்லம் தொடங்கியது. நாளடைவில் பெங்களூர் முதலிய நகரங்களிலும் இல்லங்கள் எழுந்தன. 1959 ஏப்பிரல் 5ஆம் நாள் பம்பாய்த் திருக்கோயில் ஒன்றில் சூ ரைடர் என்னும் அம்மையாரை அவர் மணந்தார். இளமையில் அமெரிக்க நடிகை ஒருவரோடு நிகழ்ந்த முதல் மணம் நிலைக்கவில்லை. சூ ரைடரோ, போரில் போலந்து நாட்டு விடுதலை வீரர்களுக்குத் துணை நின்று, போருக்குப் பின் வதைமுகாம்களில் நலிந்தோருக்காகத் தம்மை ஒப்படைத்தவர். இருவரும் கூடித் தேராதூனில், ஆற்றங்கரைக் காட்டை அடுத்து, ராபேல் என்னும் நிலையத்தை நிறுவினர். தொழுநோயால் துரத்தப்பட்டோரும், அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவரும் அங்கே இடம் பெற்றனர். முதலில் கூடாரங்கள், பின்னர்க் கட்டடங்கள். புதுமணத் தம்பதியர் இல்லறம் தொடங்கிய வகை இது!

பின் முப்பது ஆண்டுகளின் வரலாற்றை விரித்துரைத்தால் நாடுகளின் பெயர்ப்பட்டியலாகவே முடியும். அவர் மறையும் காலத்தில் ஏறத்தாழ ஐம்பது நாடுகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இல்லங்கள் நடைபெற்றன. 1981இல் பிரிட்டிஷ் அரசியார் தாமே தேர்ந்து மிகச் சிலர்க்கே வழங்கும் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் சிறப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. 1991இல் பிரபுப் பட்டமும் பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் போர்களில் மாண்ட ஒவ்வோர் உயிருக்கும் ஐந்து பவுண்டு என்னும் கணக்கில் நிதி திரட்டி, இயற்கைப் பேரிடர்களில் துன்புறுவோர்க்கு உதவ வேண்டும் என்பது முதுமையில் அவர் எடுத்த பெருமுயற்சி. எண்ணிய தொகை முழுதும் சேரவில்லை. அத்தொகை சேரக்கூடியதும் அன்று. மாண்டோர் தொகை அத்தகையது.

எழுபதாம் அகவையைக் கடந்தபின், உடற்றசைகளை இயக்கும் நரம்புகள் சிறிது சிறிதாகச் செயலிழக்கும் கொடிய நோய் அவரைப் பற்றியது. முடங்கியோர்க்கு நாற்பதாண்டு இல்லம் அமைத்தவர், தாமும் சக்கர நாற்காலியில் அமர்ந்தார். 1992 சூலை 31ஆம் நாள், சஃபோக் மாவட்டத்திலுள்ள கவெண்டிஷ் என்னும் சிற்றூரில், தம் எழுபத்து நான்காம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டுக் கிறித்துமசு நாளில் அரசியார் எலிசபெத்து நாட்டு மக்களுக்கு உரையாற்றியபோது அவரை நினைவு கூர்ந்தார். இறப்பதற்குச் சின்னாள் முன்னர்த் தம்மைக் காண வந்திருந்த செஷயர், தம் நோயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், பிறர் நலம் கருதித் தாம் இனிச் செய்யவிருந்த பணிகளைப் பற்றியே பேசினார் என அவர் தெரிவித்தார்.